நரியின் தலையில் ரிப்பன்

அந்த கேசட்டை நான் ஒரு மருந்துக் கடையில் வாங்கினேன். அமெரிக்காவில் மருந்துக் கடை என்றால் மருந்து மட்டும் விற்கிற இடமில்லை. செருப்பு, சாக்லேட், பிறந்தநாள் வாழ்த்து அட்டை எல்லாம் கிடைக்கும். வாசலை ஒட்டி ஒரு பெரிய கம்பிக் கூடையில் மலிவு விலை வீடியோ கேசட்டுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். குனிந்து கிளறியதில் ஒன்று கையில் வந்தது. அட்டையில் ஒரு நரி, ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. பின்பக்கம் சின்ன எழுத்தில், இவையெல்லாம் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் காட்டப்பட்ட குட்டிச் சிரிப்புப் படங்கள் என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. பழைய படம் என்றால் நல்ல படம், குழந்தைகளோடு கூச்சமில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. புதுப் படம் போட்டால்தான் அப்பா எழுந்து போய் டிவியை நிறுத்துவார். அந்த நம்பிக்கையையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் நான் விமானம் ஏறியிருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் பிளெய்ன்ஸ்பரோ என்ற சின்ன ஊருக்குக் குடிவந்தோம். ஒரே மாதிரி பழுப்புக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற பெரிய அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ். முதல் மாதத்தில் இரண்டு முறை வேறு யாரோ வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன். என் கணவர் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா. திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்தவள் நான். இங்கே வந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் காம்ப்ளெக்ஸில் கோபப்படக்கூட ஆள் இல்லை.

கீழ் வீட்டுக்காரியைச் சலவை அறையில்தான் முதலில் பார்த்தேன். நான் அளவு தெரியாமல் சோப்புத் திரவத்தை ஊற்றிவிட்டு, மெஷினிலிருந்து நுரை வழிந்து தரையெல்லாம் பரவ, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன். அவள் உள்ளே வந்தாள், பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்காமல் தன் பழைய டவல்களை எடுத்துத் தரையில் போட்டு மிதிக்க ஆரம்பித்தாள். நானும் மிதித்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கறுப்பினப் பெண், என் வயதுதான் இருக்கும், பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. தெற்கே எங்கோ ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவள். கணவன் இல்லை, ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை என் மகளின் கிண்டர்கார்டன் வகுப்பிலேயே படித்தது. என் மகளைவிட இரண்டு மாதம் இளையவள் என்பதால் எங்கள் வீட்டில் அதற்குச் சின்னவள் என்று பெயர் வந்துவிட்டது.

ஒரு மாதத்தில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு ஏற்பட்டது. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இரண்டு குழந்தைகளும் என்னோடு மேலே வருவார்கள். அவள் வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து சின்னவளை அழைத்துப் போவாள். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளில்லாத ஓர் ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். என் கணவரும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். நான் பிரேக்கைத் தேடுவதற்குள் அவர் ஆண்டவனைக் கூப்பிட்டுவிடுவார், அது சரிவரவில்லை. இவளோ நான் நடைபாதைமேல் ஏற்றினாலும் பதற மாட்டாள். "பரவாயில்லை, அது அங்கேயேதான் இருக்கும், நீ இறங்கு" என்பாள். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் என் நினைவில் தமிழாகவே தங்கிவிட்டது.

எங்கள் தமிழ்க் கூட்டத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு அங்கிள் என் கணவரிடம், அந்த மாதிரி ஆட்களோடு அளவோடு பழகச் சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொன்னாராம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரமே சின்னவளையும் அவள் அம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டு இட்லி, சாம்பார், கேசரி என்று அமர்க்களப்படுத்தினேன். நான் அப்படியெல்லாம் பேதம் பார்க்கிறவள் இல்லை என்று எனக்கு என்மேலேயே ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைதான் என் கண்ணைக் கட்டியது என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றரையிலிருந்து ஆறு வரை இரண்டு குழந்தைகளையும் எப்படி வைத்திருப்பது? வெளியே குளிர். என்னிடம் இருந்தது முறுக்கும் அந்த கேசட்டும்தான். சுமார் பத்துப் படங்கள் அதில் இருந்தன, ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிஷம். நரி கோழியைத் துரத்தும், கோழி தப்பிக்கும், நரி பாறையிலிருந்து விழும். குழந்தைகள் தினமும் அதையே கேட்டார்கள், நானும் தினமும் அதையே போட்டேன். என் மகள் அதைப் பார்த்தே ஆங்கிலம் பழகினாள் என்று போனில் அம்மாவிடம் சொல்லிப் பூரித்திருக்கிறேன்.

அதில் ஒரு படத்தில் நரியின் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கும். தீவின் மனிதர்கள் கரி நிறத்தில் இருப்பார்கள். முகத்தில் பாதி உதடு. கொண்டையில் எலும்பு செருகிக்கொண்டு, பெரிய அண்டாவைச் சுற்றிக் குதித்துக் குதித்து ஆடி, நரியை அதில் போட்டு வேகவைப்பார்கள். இன்னொன்றில் நரி கிழக்கே ஏதோ தேசத்துக்குப் போகும். அங்கே வயிறு ஒட்டிய ஓர் ஆள் தலைப்பாகையோடு ஆணிப் படுக்கையில் உட்கார்ந்து மகுடி ஊதுவான். பாம்பு வராது, அவன் கோவணம்தான் எழுந்து ஆடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நம்ம ஊர்க்காரனையும் போட்டிருக்கிறார்களே என்று சந்தோஷம்கூட. கணவர் வந்ததும் ரீவைண்ட் பண்ணிக் காட்டினேன், அவரும் சிரித்தார்.

என் மகளுக்குப் பிடித்தது வேறு. படத்துக்குப் படம் நரி ஒரு குண்டை வைக்கும், அது நரியின் முகத்திலேயே வெடிக்கும். புகை விலகியதும் நரியின் முகம் கன்னங்கரேல் என்றிருக்கும், உதடு மட்டும் வெள்ளையாகத் தடித்து நிற்கும், தலை முழுவதும் குட்டிக் குட்டிப் பின்னல், ஒவ்வொன்றிலும் ஒரு ரிப்பன். கண்ணை இரண்டு தடவை கொட்டும். இரண்டே விநாடிதான், அடுத்த காட்சியில் நரி பழையபடி ஆகிவிடும். என் மகள் அந்த இரண்டு விநாடிக்காகவே உட்கார்ந்திருப்பாள், வந்ததும் தரையில் உருண்டு சிரிப்பாள்.

சின்னவள் அமைதியான குழந்தை. படம் ஓடும்போது பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பாள். அவளுக்காக ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எட்டும் இடத்தில் வைத்திருந்தேன். முறுக்கில் காரம் கூடிவிட்டதோ என்று அடுத்த தடவை மிளகாய்த்தூளைக் குறைத்தேன். அப்போதும் குடித்தாள். இத்தனை தண்ணீர் குடித்தால் பஸ்ஸில் என்ன பண்ணுவாய் என்று கேலி செய்வேன், சிரிப்பாள். ஒருநாள் அந்த மகுடிக்காரன் வந்த நேரம், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்து என்னிடம் நீட்டினாள். "வேணுமா ஆன்ட்டி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தாகமில்லை கண்ணு, நீ படத்தைப் பார் என்று சொல்லி அனுப்பினேன். எவ்வளவு நல்ல பழக்கம், பெரியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறது பார் என்று அன்று சாயந்திரம் என் மகளிடம் சொல்லிக்காட்டினேன்.

ஜனவரியில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா வந்தது. பொங்கல் விழா என்றால் அங்கே ஒரு பள்ளிக்கூட கேஃபட்டேரியாவை வாடகைக்கு எடுத்து, அலுமினிய ட்ரேயில் சர்க்கரைப் பொங்கலைச் சுடவைத்து, குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி வைப்பது. மாறுவேடம் இல்லாமல் நமக்கு எந்த விழாவும் கிடையாது. எல்லா அம்மாக்களும் ஒரு வாரமாக வெண்ணெய்ப் பானையும் மயில்பீலியும் தேடிக்கொண்டிருக்க, என் மகளோ குண்டு வெடித்த நரியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். எனக்கும் அது பிடித்தது. ஏழு கண்ணன்களுக்கு நடுவில் ஒரு நரி போனால் பரிசு நமக்குத்தான் என்று கணக்குப் போட்டேன்.

விழாவுக்குக் கீழ் வீட்டுக்காரியையும் கூப்பிட்டேன். அவள் முதலில் தயங்கினாள், நான் விடவில்லை. என் மகளின் அரக்குப் பட்டுப் பாவாடையைச் சின்னவளுக்குக் கொடுத்தேன். முதல்நாளே கீழே போய், சட்டை சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்து, இடுப்பில் ஒரு பின் குத்தி, பொட்டு பாக்கெட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். சின்னவள் கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பாவாடை விரிவதைப் பார்த்தாள். அவள் அம்மா கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

விழா அன்று நானே என் மகளுக்கு வேஷம் போட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கண்மை டப்பாவை முழுவதுமாகக் காலி செய்து முகமெங்கும் பூசினேன். பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து உதட்டைச் சுற்றித் தடியாக அப்பினேன். கணவரின் ஆரஞ்சு மஃப்ளர் வாலாயிற்று. தலைமுடியைப் பத்துப் பன்னிரண்டு பின்னலாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ரிப்பன் கட்டுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. பன்னிரண்டு வருடம் மடித்துக் கட்டிய ரெட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பனோடு பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்கு அது வெறும் ரிப்பன், மை என்பது கரி, தீபாவளிக்குப் புஸ்வாணம் முகத்தில் வெடித்தால் வருகிற கரி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. என் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தது என்று சொல்கிறேன்.

கேஃபட்டேரியாவில், தங்கள் காரில் தனியாக வந்த கீழ் வீட்டுக்காரியையும் சின்னவளையும் நாலாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எத்தனையோ கண்ணன்கள், தடி ஊன்றிய பாட்டிகள் இரண்டு பேர், மீசை ஒட்டிய ஒரு போலீஸ்காரர். பிறகு என் மகள். அவள் மேடையில் நின்று, வாயாலேயே குண்டு வெடிக்கிற சத்தம் போட்டு, அந்த வெள்ளை உதட்டைப் பிதுக்கிக் கண்ணை இரண்டு தடவை கொட்டினாள். அரங்கமே சிரித்தது. நான் கைதட்டினேன்.

அப்போது என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆன்ட்டி திரும்பி, "உனக்கு மை ரொம்ப செலவாகியிருக்காதே?" என்றார். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நானும் கறுப்பு, என் மகளும் கறுப்பு. கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். அந்த வார்த்தை என் மகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என் பொண்ணு கறுப்புதான் ஆன்ட்டி. அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டேன். அவர் சும்மா ஜோக் என்றார், நான் விடவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் சமாதானம் செய்தார்கள். ஐந்து நிமிஷம் நன்றாகச் சண்டை போட்டேன். ஒரு குழந்தையின் நிறத்தை வைத்துச் சிரிக்கலாமா என்று நியாயம் பேசினேன். பேசி முடித்துவிட்டு, என் சிநேகிதியாவது என் பக்கம் இருப்பாள் என்று நாலாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன.

வெளி நடையில் அவள் மண்டியிட்டுச் சின்னவளுக்கு, பட்டுப் பாவாடைக்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஸிப் மாட்டிக்கொண்டது, இழுத்து இழுத்துப் பார்த்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவள் நிமிராமலே கேட்டாள், "உன் மகள் என்னவாக வந்திருக்கிறாள்?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே, கார்ட்டூனில் வருகிற நரி, குண்டு வெடித்த பிறகு அப்படி ஆகிவிடும் என்று சொன்னேன்.

"யார் அப்படி வேஷம் போட்டது?"

"நான்தான்" என்றேன்.

"எங்கே பார்த்தாள் இதை?"

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "எங்க வீட்ல கேசட் இருக்கு. உங்க பொண்ணும் பார்ப்பாளே. ரெண்டு பேரும் சேர்ந்து டெய்லி பார்க்கறாங்க" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மிக உற்சாகமாக.

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "தினமுமா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். சின்னவளைத் தூக்கிக்கொண்டாள். ஐந்தரை வயதுக் குழந்தை, தூக்கிக்கொண்டு நடக்கிற வயதில்லை, ஆனாலும் தூக்கிக்கொண்டு பார்க்கிங் லாட்டைக் கடந்தாள். கோட்டுக்குக் கீழே பட்டுப் பாவாடையின் ஜரிகை ஆடிக்கொண்டே போனது. உள்ளே என் மகளுக்கு இரண்டாம் பரிசு அறிவித்தார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து என் மகள் மட்டும் என்னிடம் வந்தாள். சின்னவள் இனிமேல் பள்ளிக்கூடத்திலேயே ஆறு மணி வரை இருப்பாளாம். புதன்கிழமை வீட்டுக் கதவின் கைப்பிடியில் பட்டுப் பாவாடை தொங்கியது. டிரை கிளீன் செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஹேங்கரில். நான் இடுப்பில் குத்திய பின்னையும் மிச்சப் பொட்டுகளையும் ஒரு சின்னக் கவரில் போட்டு அதோடு சேர்த்து ஒட்டியிருந்தாள்.

என் கணவருக்கு இது புரியவே இல்லை. "கார்ட்டூன்தானே? குழந்தைங்க விஷயத்துக்குப் போய் ஏன் இவ்ளோ ஃபீல் பண்ற? ஒரு ஸாரி சொல்லிட்டு வந்துடு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. என் மகளின் ஆசிரியையிடம் போய் மெதுவாக விசாரித்தேன். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, உதட்டை வெள்ளையாகப் பெரிதாக்கிக்கொண்டு, கறுப்பர்களைப்போல ஆடிப் பாடிக் கேலி செய்வார்கள் என்றும், அதிலிருந்துதான் கார்ட்டூன்களுக்கும் அது வந்தது என்றும் அவள் முகம் சிவக்கச் சொன்னாள். அந்த வகுப்பறையின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன்.

அன்று சாயந்திரமே கீழே போய்க் கதவைத் தட்டினேன். போன வாரம்வரை தட்டாமலே திறந்த கதவு. அவள் வேலை உடுப்போடேயே இருந்தாள். உள்ளே வா என்று சொன்னாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "நானும் கறுப்புதான்" என்று சொல்லிவைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவளின் அசதிதான் இருந்தது.

பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் சின்ன வயதில் சனிக்கிழமை காலையில் இந்தப் படங்களைத்தான் டிவியில் போடுவார்களாம். பழைய படம் ஆரம்பித்தால் அவள் அப்பா எழுந்து வந்து டிவியை நிறுத்திவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொள்வாராம், அது முடிகிற நேரம் வரைக்கும். ஏன் என்று அவர் சொன்னதே இல்லையாம்.

"உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்" என்றாள். "தெரிந்து செய்கிறவர்கள்மேல் கோபப்பட எனக்குப் பழக்கம் இருக்கிறது. உன்மேல் என்ன படுவது என்றே தெரியவில்லை. இந்த இடத்தில் என் பெண்ணை யாரும் அப்படிப் பார்க்காத வீடு ஒன்று இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கணக்கு டீச்சர், வாய்க்குப் பஞ்சமில்லாதவள், முன்பின் தெரியாத ஆன்ட்டியோடு ஐந்து நிமிஷம் சண்டை போட்டவள். அன்று எனக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. உள்ளறையிலிருந்து சின்னவள் எட்டிப் பார்த்து, "ஹாய் ஆன்ட்டி" என்றாள். அம்மா திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

என் மகள் நிறையக் கேள்வி கேட்டாள். சின்னவள் ஏன் வருவதில்லை, நான் என்ன தப்புச் செய்தேன் என்று. உன்மேல் தப்பே இல்லை, அம்மாதான் தப்புச் செய்தேன் என்று சொன்னேன். "பட் இட்ஸ் ஜஸ்ட் ஸ்மோக், அம்மா" என்றாள் அவள். வெறும் புகைதானே. ஐந்தரை வயதுக் குழந்தையிடம், அதுவும் நாளைக்கே யாராவது இதே மாதிரி சிரிக்கப்போகிற நிறத்தில் பிறந்த குழந்தையிடம், அது புகை இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கேசட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் போட்டேன். தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்த்துக்கொண்டோம். அவள் குட்மார்னிங் சொல்லத் தவறியதே இல்லை. ஒரு தடவை பனிக்கட்டியில் நான் வழுக்கியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள், உடனே கையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் வழியே அவள் கார் போவதைப் பார்ப்பேன். என் டிரைவிங் டெஸ்ட்டுக்குக் குறித்த நாள் வந்தது, போனது. குழந்தைகள் இரண்டும் கொஞ்ச நாள் பஸ்ஸில் சேர்ந்து உட்கார்ந்தன. பிறகு என் மகள் வேறு ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஜூன் மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் ஒரு டிரக் வந்து நின்றதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கேசரி கிளறி டப்பாவில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, படியில் பாதி இறங்கி, மறுபடி மேலே வந்துவிட்டேன். கேசரி கொடுத்துச் சரிசெய்கிற காரியமா இது? டிரக் போன பிறகு அந்தக் கேசரியை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் கேசட்டை எடுத்துப் போட்டேன். அத்தனை மாதமும் முறுக்குப் பிழிந்துகொண்டும் துணி மடித்துக்கொண்டும் ஓரக்கண்ணால் பார்த்த படங்களை, முதல் தடவையாக நேராக உட்கார்ந்து பார்த்தேன். குண்டு வெடித்தது. புகை விலகியது. நிறுத்தினேன். குண்டு வெடித்தால் கரி வரும், சரி. ரிப்பன் எங்கிருந்து வரும்? எந்தக் குண்டில் ரிப்பன் இருக்கிறது? நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. டிவி திரையில் அசையாமல் நின்ற அந்தத் தலையில் சின்னச் சின்னப் பின்னல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ரிப்பன். சின்னவளுக்கு அவள் அம்மா தினமும் காலையில் அப்படித்தான் பின்னிவிடுவாள்.

மறுபடி ஓடவிட்டேன். தீவுப் படம் வந்தது. அண்டா வந்தது, அதைச் சுற்றி ஆட்டம் வந்தது. என்னை அறியாமல் தலையைத் திருப்பிச் சமையலறையைப் பார்த்தேன். சின்னவளுக்குத் தாகமெடுக்கிற இடம் அதுதான். தினமும் அதே இடம். முதல் மேளச் சத்தம் கேட்டதும் எழுந்திருப்பாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, ஒவ்வொரு வாயாகக் குடிப்பாள். ஆட்டம் முடிந்து நரி தப்பித்து ஓடும்போதுதான் திரும்பி வந்து உட்காருவாள். முறுக்கில் காரமே இல்லை. அவளுடைய தாத்தா டிவிக்கு முன்னால் போய் நின்றார், நிறுத்த முடியாத அடுத்தவர் வீட்டில் அவள் சமையலறைக்குப் போனாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் போய் அழுதுகொண்டே அந்த டம்ளரைக் கழுவினேன், ஏற்கெனவே கழுவி வைத்த டம்ளரை.

கூடத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. மகுடிச் சத்தம் கேட்டது. டம்ளரோடு வாசற்படியில் நின்று பார்த்தேன். தலைப்பாகை, ஒட்டிய வயிறு, ஆணிப் படுக்கை. நான் விழுந்து விழுந்து சிரித்த இடம். அந்த இடம் வந்தபோது சின்னவள் ஒருநாளும் சிரித்ததில்லை. திரும்பி என் முகத்தைத்தான் பார்ப்பாள். இன்னொரு முறுக்கு கேட்கிறாள் என்று எடுத்துக் கொடுப்பேன்.

அந்த ஒருநாள் அவள் எனக்காக எழுந்து போயிருக்கிறாள். தனக்குத் தெரிந்த ஒரே வழியை எனக்கும் கொண்டுவந்து, சிந்தாமல் இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறாள். நான் எனக்குத் தாகமில்லை என்று சொல்லி, நீ படத்தைப் பார் என்று அவளைத் திருப்பி உட்காரவைத்தேன்.